இரும்புக் கதவின் கடைசி வரி

அபியோனா அந்த இரும்புக் கதவைக் கழற்றிக்கொண்டு போன அன்று, எதற்கென்று ஒலோரின் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்த வினையில் பாதி வந்திருக்காது. முஷின் பேட்டையில் ஒரு வீட்டுக் கதவில் 'இந்த வீடு விற்பனைக்கு இல்லை' என்று எழுதியிருப்பது அதிசயமில்லை. சொந்தக்காரன் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் வீட்டை விற்று முடிக்கிற ஆட்கள் இருக்கும் லாகோஸில், எழுதாமல் விட்டால்தான் அதிசயம். ஆனால் பதினான்காம் எண் வீட்டுக் கதவில் அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. 'ஜிமோவை நம்பி ஏமாறாதீர்கள்.' பதினெட்டு வருஷமாகத் தெருவே படித்துவந்த வரி அது.

ஜிமோ வேறு யாருமில்லை, அபியோனாவின் அண்ணன். மூத்த தாரத்து மகன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இருபத்து நான்கு வயசில், கூடாத சகவாசத்தில் சிக்கி, வீட்டைக் காட்டி இரண்டு பேரிடம் முன்பணம் வாங்கிவிட்டான். அப்பா பிழைத்து வந்தார். வாசலில் இரண்டு குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு குடியேற நின்றன. அப்பாவின் தொழில் பஸ்களுக்கு வாசகம் எழுதுவது. அன்று சாயங்காலமே பெயிண்டையும் பிரஷ்ஷையும் எடுத்து, நிழல் வைத்த மஞ்சள் எழுத்தில் கதவில் அந்த இரண்டு வரிகளையும் எழுதினார். தெரு வேடிக்கை பார்த்தது. ஜிமோவும் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தான். இரண்டு வருஷம் கழித்து அப்பா இறந்தபோது, தன் பெயரைத் தாண்டித்தான் உள்ளே வந்து மண் போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவன் கால் படவில்லை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. அந்த ஜனங்களிடம் மூத்தவர் பெயரை இளையவர் வாயால் சொல்வது கிடையாது. வாக்கப்பட்டு வந்தவளோ, தான் வருவதற்கு முன் அந்த வீட்டில் பிறந்த குழந்தையின் பெயரைக்கூடச் சொல்லக்கூடாது. அபியோனாவின் அம்மா இரண்டாம் தாரமாக வந்தபோது ஜிமோவுக்கு மூன்று வயசு. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த அந்தப் பொடியனை அன்றே 'சின்னய்யா' என்று கூப்பிட ஆரம்பித்தவள்தான். அவன் வீட்டை விற்கப் பார்த்த அன்றும், சின்னய்யா ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றுதான் அழுதாள். அப்படிப்பட்டவள், அப்பா போன பிறகு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மழைக்காலம் முடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, வெளுத்த எழுத்துகளின் மேல் புதுப் பெயிண்ட் பூசிவந்தாள். வாயால் ஒரு தடவையும் சொல்லாத பெயரைக் கையால் எட்டுத் தடவை எழுதியிருக்கிறாள்.

அபியோனா ஓவியக் கல்லூரியில் படித்தவள். முப்பத்தொரு வயசு. யாபாவில் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலையில் ஆறு நாட்டுக் கலைஞர்கள் ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் கண்காட்சிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். 'யாருடைய ஊர்?' என்று தலைப்பு. குடிசை இடிப்பு, குடிதண்ணீர், கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவர்கள் என்று ஆளுக்கு ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டார்கள். அக்ராவிலிருந்து வந்த குவேக்கு, காலித் தண்ணீர்ப் பாக்கெட்டுகளைத் தைத்துக் கூரை உயரத்துக்குத் திரை செய்துகொண்டிருந்தான். கம்பாலாக்காரி ஒருத்தி, வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் விட்டுவிட்டுப் போன செருப்புகளாகச் சேர்த்துவைத்திருந்தாள். அபியோனா மூன்று மாசம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் தன் வீட்டுக் கதவையே கொண்டுபோய் நிறுத்துவதென்று முடிவு செய்தாள்.

கண்காட்சியை அமைத்த தொலானி மேடம் கதவின் புகைப்படத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முதல் வரியை லாகோஸில் எந்தச் சுவரிலும் பார்க்கலாம், இரண்டாம் வரியில்தான் ஒரு குடும்பமே இருக்கிறது என்றார். அபியோனாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கொண்டுவந்தாள். அதை விளக்கி இரண்டு பக்கம் எழுதியும் கொடுத்தாள். ஜிமோ என்பது அவளுக்கு அப்போது ஒரு எழுத்து வடிவம்தான். எங்கோ இக்கோரோடுவில் ஐஸ் மீன் மொத்த வியாபாரம் செய்கிற, பதினாறு வருஷமாக முகம் பார்க்காத ஒரு மனிதர் அவள் நினைவில் வரவேயில்லை. இதை அவள் பின்னால் ஒத்துக்கொண்டாள். ஆனால் பின்னால்தான்.

பழைய கதவுக்குப் பதிலாக அம்மாவுக்குப் புதுக் கதவு போட்டுக் கொடுத்தாள். கறுப்புப் பெயிண்ட், மேலே தங்க நிறத்தில் ஈட்டி முனைகள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைத் துடைப்பதுதான். அதில் முதல் வரியை மட்டுமாவது எழுதிவிடலாம் என்று அபியோனா சொன்னதற்கு, புதுச் சட்டையில் மை கொட்டுவதா, கொஞ்ச நாள் போகட்டும் என்று தடுத்துவிட்டாள்.

தெரு அதைத் தன் வழியில் படித்துக்கொண்டது. பதினெட்டு வருஷம் இருந்த பெயர் போய்விட்டது என்றால் ஒரே அர்த்தம்தான்: மன்னித்துவிட்டார்கள். தையல்காரர் மீன்காரியிடம் சொல்ல, மீன்காரி சந்தையில் சொல்ல, ஐஸ் மீன் மாதிரி அந்தச் சேதி பெட்டியில் ஏறி இக்கோரோடுவுக்கே போய் இறங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜிமோ வந்தார்.

அம்மா போனில் சொன்னபோது அபியோனா ஐஸ் தொழிற்சாலையில் கதவை நிறுத்த இரும்புத் தாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். சின்னய்யா வந்து புதுக் கதவுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார், அதைத் தடவித் தடவிப் பார்த்தார், உள்ளே வந்து தரையோடு தரையாகக் குப்புற விழுந்து கும்பிட்டார், நாற்பத்திரண்டு வயசு ஆள், எழுந்திருக்கவே இல்லை என்றாள். அப்புறம் அவர் என்ன சொன்னார் என்பதையும் சொன்னாள்.

"'அம்மா, கூப்பிடாமலே கூப்பிட்டுட்டீங்க'ன்னாரு. நான் என்னடி சொல்றது? ஆமலாக் களி கிண்டி வச்சிருந்தேன். உட்காருங்க, சாப்பிடுங்கன்னேன்."

"உண்மையச் சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ வந்து சொல்லு. அந்த முகத்தப் பார்த்துச் சொல்லு பார்ப்போம்."

அபியோனா போகவில்லை. வேலை தலைக்கு மேல் இருந்தது என்பது உண்மை. தைரியம் இல்லை என்பது அதைவிட உண்மை.

ஜிமோ ஒவ்வொரு ஞாயிறும் வர ஆரம்பித்தார். ஒரு வாரம் ஒரு பெட்டி மீன். இன்னொரு வாரம் கிணற்று மோட்டாரைப் பிரித்துச் சரி செய்தார். மூன்றாம் வாரம் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிவந்து, இதுதான் உங்கள் தாத்தா தூங்கின அறை, இந்தத் தூணில்தான் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று காட்டினார். அந்தப் பிள்ளைகள் அதுவரை அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. அம்மா அதைச் சொன்ன அன்று அபியோனா சாப்பிடவில்லை.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது அவள் தொலானி மேடத்தின் முன்னால் போய் நின்றாள். கடைசி வரியை மட்டும் ஒரு தகடு வைத்து மறைத்துக்கொள்கிறேன் என்றாள். மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கையேடு அச்சாகிவிட்டது, அட்டையிலேயே அந்த வரிதான், கேப் டவுன் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அம்மாள் அதைப் பார்க்கவே விமானம் ஏறி வருகிறாள், அவள் எடுத்துக்கொண்டால் உன் வாழ்க்கை வேறு என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். அபியோனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரி மேடம் என்று திரும்பிவிட்டாள். ஆசை யாரை விட்டது.

குவேக்கு திரைக்கு நூல் கோத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"வரியை மறைக்க முடியலன்னா அண்ணன்கிட்ட வாயைத் திறந்து சொல்லு. ரெண்டுல ஒண்ணு செய்யணும். ரெண்டும் செய்யாம இருக்கறதுக்குப் பேரு கலை இல்ல."

அவனைப் பார்த்து முறைத்தாள். ஆனாலும் அந்த ஞாயிறு முஷினுக்குப் போனாள். முட்டி போட்டு அண்ணனை வணங்கினாள். அவர் அவள் தலையைத் தொட்டுத் தூக்கிவிட்டு, பதினைந்து வயசில் பார்த்தபோது இருந்ததைவிட இளைத்துவிட்டாய், யாபாவில் சோறு போடுவதில்லையா என்று கேலி செய்தார். அப்பாவின் அதே சிரிப்பு. அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஒரு பெரிய பையை அவள் மடியில் வைத்தார். உள்ளே ஊதாவில் வெள்ளைப் பறவை போட்ட துணி. விசேஷம் என்றால் குடும்பமே ஒரே துணியில் தைத்துப் போடுவது அந்த ஊர் வழக்கம். தங்கையின் கண்காட்சிக்காக, அவளுக்கு, அம்மாவுக்கு, மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, தனக்கு என்று ஒரே துணியாக வாங்கியிருந்தார். சங்கத்து மீன் வியாபாரிகள் பதினொரு பேரையும் கூப்பிட்டாகிவிட்டது, வேனும் பேசியாகிவிட்டது.

"திறப்பு அன்னிக்குக் கூட்டமா இருக்கும் அண்ணே. வேற ஒரு நாள் வந்தா நிதானமாப் பார்க்கலாம்" என்றாள்.

"என் தங்கச்சி விசேஷத்துக்கு நான் வேற நாள் வர்றதா? கூட்டத்தப் பார்த்துப் பயப்பட நான் என்ன ஐஸ் பெட்டியில இருக்கற மீனா?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு மனுஷனை ஏமாற்றினார்கள். வீட்டைத் திருட்டுத்தனமாய் விற்கப் பார்த்தவனைப் பற்றிக் கதவில் எழுதினார்களே, இதை எந்தக் கதவில் எழுதுவது?

திறப்பு விழா சனிக்கிழமை நாலு மணிக்கு. அபியோனா கறுப்பு ஜீன்சும் கறுப்புச் சட்டையும் போட்டிருந்தாள். மற்ற எட்டுக் கலைஞர்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஊதாத் துணியைத் தைக்க நேரமில்லை என்று அம்மாவிடம் சாக்குச் சொல்லியிருந்தாள். மண்டபத்தின் நட்டநடுவில், தனி வெளிச்சத்தில் கதவு நின்றது. ஏழடி உயரம். முதல் வரி தலைக்கு மேலே, கடைசி வரி நெஞ்சளவில். எட்டுத் தடவை பூசின பெயிண்ட் வெளிச்சத்தில் தடிப்புத் தடிப்பாகத் தெரிந்தது. வந்தவர்கள் அங்கேதான் அதிகம் நின்றார்கள். லாகோஸ்காரர்கள் படித்ததும் சிரித்தார்கள், யார் அந்த ஜிமோ, இப்போது எங்கே, மாட்டினானா என்று கேட்டார்கள். அவள் சிரித்து மழுப்பினாள்.

ஐந்து மணிக்கு வேன் வந்தது. முதலில் அம்மா, பின்னால் அண்ணி, பிள்ளைகள், பதினொரு மீன் வியாபாரிகள், எல்லோருக்கும் பின்னால் ஜிமோ. ஊதாத் துணியில் தைத்த அக்பாடா அங்கி, இரண்டு ஆள் நுழைகிற அகலம், கைகள் கீழே தொங்கத் தொங்க. அவள் ஓடிப்போய் அவரைக் குவேக்குவின் திரைப் பக்கம் திருப்பப் பார்த்தாள். ஆனால் அவருடைய எட்டு வயசு மகள் சிதிக்கா அதற்குள் கதவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் புதிதாகப் படிக்கக் கற்ற பிள்ளை எதைக் கண்டாலும் சத்தம் போட்டுத்தானே படிக்கும்.

"இந்த வீடு விற்பனைக்கு இல்லை. ஜி-மோ-வை நம்பி ஏமாறாதீர்கள்." திரும்பிப் பார்த்தது. "அப்பா, உங்க பேரு."

மீன் வியாபாரிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். அம்மா தலைத்துணியைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஜிமோ கதவைப் பார்த்தார். அப்பாவின் எழுத்தைத் தெரியாதா அவருக்கு. பிறகு அபியோனாவைப் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்க்கவில்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த நேரத்தில் எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டதென்று அவளுக்குத் தெரிந்தது. கதவு ஏன் கழன்றது, ஏன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எதற்கு, எல்லாம்.

"லாகோஸ்ல கல்லெடுத்து எறிஞ்சா ஒரு ஜிமோ மேலதான் விழும், கண்ணு" என்று மகளிடம் சொன்னார். "உங்க அத்தை செஞ்சது நல்லா இருக்கு இல்ல?"

சொல்லிவிட்டு நடந்துபோய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றார். அக்பாடாவின் கைகளை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்துக்கொண்டார்.

அப்படியே நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். நான் இவளுடைய அண்ணன், இது எங்கள் வீட்டுக் கதவு, எங்கள் அப்பா எழுதியது, முஷினில் அவர் எழுதாத பஸ் கிடையாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். மேலே இருந்த வரியைத் தலையை அண்ணாந்து காட்டவும் செய்தார். புகைப்படக்காரன் குடும்பத்தைக் கதவு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தான். படம் எடுத்து முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அவர் மட்டும் கலையவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. மண்டபத்தில் மின்விசிறி போதவில்லை, அவர் நெற்றியிலிருந்து வேர்வை தாடியில் சொட்டியது. துடைப்பதற்குக் கையைத் தூக்கவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் இதுவும் படைப்பின் ஒரு பகுதியா என்று குவேக்குவைக் கேட்டார். குவேக்கு அபியோனாவைப் பார்த்தான்.

அபியோனா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"உட்காருங்க அண்ணே. எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"பரவால்ல தங்கச்சி."

"கால் வலிக்கும். உட்காருங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் இருந்த சிதிக்காவுக்குக் கேட்கக்கூடாதென்று பார்த்துக்கொண்டார்.

"உட்கார்ந்தா தெரியும்மா."

நாற்காலி அவள் கையிலேயே இருந்தது. அழுகை வந்தது. வெட்கம் அதைவிட முந்திக்கொண்டு வந்தது.

"உங்களுக்காகக் கழட்டல அண்ணே" என்றாள். "இதுக்காகத்தான் கழட்டினேன். நானும் அம்மாவும் சொல்லாம இருந்துட்டோம்."

"தெரியுது."

"திட்டுங்க."

"உன் விசேஷத்துல வச்சா? வீட்டுக்கு வா, திட்டறேன்."

அவள் நாற்காலியைக் கீழே வைத்தாள். தள்ளி வைத்துவிட்டு, அவருக்கும் கதவுக்கும் நடுவில் நுழைந்து, தன் முதுகைக் கதவில் ஒட்டி நின்றாள். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள், பிள்ளைகளோடு மற்றவர்கள் செய்ததையெல்லாம் பாருங்கள், நான் நிற்கிறேன் என்றாள். அவர் தயங்கினார். ஒல்லிக்குச்சி உடம்பு, கறுப்புச் சட்டை. அவள் மறைத்தது 'ஜிமோவை' என்ற சொல்லின் பாதியைத்தான். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள், போதவில்லை.

அப்போது அம்மா வந்தாள். பையிலிருந்து, தைக்காமல் விட்ட மகளின் பங்கு ஊதாத் துணியை எடுத்து அவள் தோளில் போர்த்திவிட்டு, தானும் பக்கத்தில் நெருக்கி நின்றாள். அம்மா நல்ல அகலம். வரி முழுக்க மறைந்தது.

"போங்க சின்னய்யா" என்றாள். "சோறு ஆறிடும்."

ஜிமோ கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு சிதிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு செருப்புகள் வைத்திருந்த பக்கம் போனார். இரண்டே நிமிஷத்தில் தொலானி மேடம் கேப் டவுன் அம்மாளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்தால் முழுசாகப் பார்க்கலாமே என்று மரியாதையாகக் கேட்டாள். மேடம் கண்ணாலேயே நகரச் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க. இவ்வளவுதான் பார்க்கலாம்" என்றாள் அபியோனா.

"கையேட்டுல இருக்கற வரி?"

"அது என் அண்ணன் பேரு. அதை இங்க வச்சது என் தப்பு."

கேப் டவுன் அம்மாள் அவளையும், அம்மாவையும், மேலே இருந்த ஒற்றை வரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த படைப்புக்குப் போனாள். அதில் சம்மதம் இருந்ததா, போனால் போகட்டும் என்று இருந்ததா, தெரியவில்லை. மேடம் போகிறபோக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்காட்சி ஆறு வாரம் நடக்கும், ஆறு வாரமும் அம்மாவும் மகளும் இப்படியே நிற்கப்போகிறீர்களா என்று கேட்டார். அம்மாதான் சொன்னாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சின்னய்யா சாப்பிட்டுப் போனதும் வர்றேன். எட்டு தடவை எழுதினவ நான். பிரஷ் என்கிட்டதான் இருக்கு."

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஜிமோ இரண்டு தட்டு சோறு வாங்கிக்கொண்டு, யாரும் தட்டிவிடாமல் அக்பாடாவின் கைகளைச் சுருட்டித் தோளில் போட்டபடி, அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.